மணி கட்டாத யானை

அன்றாடம் பையில் வைத்துக்கொள்ள சின்ன டார்ச் வாங்கப் போகிறேன். ஆயிரம் லூமன் போதுமா? – ஆடலூர் வாசகர்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது கோயில் யானைக்கு. உங்கள் காப்பித் தோட்டத்துக்குள் வருவது மணி கட்டிக்கொண்டா வருகிறது? எனவே டார்ச் அவசியம். ஆயிரம் லூமன் அவசியமில்லை. நடக்க நூறு போதும். மூடுபனியில் வெளிச்சம் கூடக் கூட எதிரே வெள்ளைச் சுவர்தான் எழும்பும். அப்போது டார்ச்சைக் கண்ணருகே பிடிக்காமல் இடுப்பளவில் பிடியுங்கள், பாதை தெரியும்.

ஒற்றை டபுள்-ஏ பேட்டரியில் எரிவதாகப் பாருங்கள். கரண்ட் போன ராத்திரியிலும் பெட்டிக்கடையில் 1.5 வோல்ட் கிடைக்கும், சார்ஜ் கிடைக்காது. பின்மூடியை அரைச்சுற்றுத் தளர்த்தி வையுங்கள். பல டார்ச்சுகள் பைக்குள் தானாக எரிந்து தீராமல் இருக்க அது போதும்.

செல்போனில்தான் டார்ச் இருக்கிறதே?

வழி காட்டியே சார்ஜ் தீர்ந்துவிட்டால், உதவிக்கு யாரை, எதில் கூப்பிடுவீர்கள்?

யானை எதிர்ப்பட்டால் மட்டும் அதன் கண்ணில் வெளிச்சம் அடிக்காதீர்கள். சத்தமில்லாமல் வந்த வழியே பின்வாங்குங்கள்.