ஏலம் போகாத மீன்

அனுப்புநர்:
காலடிப்பேட்டை ரசிகன்,
திருவொற்றியூர், சென்னை – 19.

பெறுநர்:
அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தார்,
கால்பந்து மாளிகை, துவாரகா, புது டெல்லி.

நாள்: 2026 ஜனவரி, காணும் பொங்கல் கழிந்த மறுநாள்.

பொருள்: ஏலம் விடும் முறையை இலவசமாகக் கற்றுத் தருவது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயாமார்களே,

சென்ற நவம்பரில் ஐ.எஸ்.எல். கால்பந்துப் போட்டியின் வணிக உரிமைக்கு டெண்டர் கேட்டீர்கள் என்றும், கெடு முடிந்து பார்த்தால் ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை என்றும் பேப்பரில் படித்தேன். அதை என் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணி முப்பது வருஷமாகக் காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையில் வைத்து விற்கிறவர். ஃபுட்பால் தெரியாது, ஏலம் தெரியும்.

“ஒருத்தர்கூடவா வரல தம்பி?” என்றார்.

ஒருத்தர்கூட இல்லை அண்ணி என்றேன்.

“ஐஸ் போட்டு வச்சிருந்தாங்களா இல்லியா?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் நீங்கள்தானே என்று எழுதுகிறேன்.

காசிமேட்டில் விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே ஏலம் தொடங்கிவிடும். வஞ்சிரம் வந்தாலும் ஏலம், சங்கரா வந்தாலும் ஏலம். ஆளில்லாத மீன் கருவாட்டுக்குப் போகும். அதற்கும் ஆகாதது கோழித் தீவனத்துக்குப் போகும். எடுக்க ஆளே இல்லாமல் திரும்பக் கடலில் கொட்டினோம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஏலக்காரர் அப்படி ஒன்றும் வித்தை செய்வதில்லை. வாயைத் திறப்பதற்கு முன்னால் சுற்றி நிற்பவர்களின் முகத்தை ஒரு தடவை பார்ப்பார், அவ்வளவுதான். நீங்கள் யார் முகத்தையும் பார்க்காமல், வருஷத்துக்கு 37.5 கோடி ரூபாய் அல்லது மொத்த வருமானத்தில் 5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். பக்கத்துக் கடைக்காரர் இதைக் கேட்டுவிட்டு, “செத்த மீனுக்கு உசுரு விலையா?” என்றார். அவர் பேச்சை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் வாய்த்துடுக்கு.

இன்னொரு சந்தேகம். முந்தைய ஒப்பந்தம் 2010 டிசம்பரில் போட்டது. 15 வருஷம், 700 கோடி. அப்படியானால் 2025 டிசம்பரில் முடியும் என்பது போட்ட அன்றைக்கே தெரியும். எங்கள் தெருவில் பதினோரு மாத வாடகைப் பத்திரம் எழுதிக் குடியிருப்பவர்கள் ஒன்பதாம் மாதமே வீட்டுக்காரர் வாசலில் போய் நிற்பார்கள், “இன்னும் ஒரு வருஷம் இருக்கலாமாக்கா?” என்று. பதினைந்து வருஷத்தில் ஒன்பதாம் மாதம் எப்போது வருகிறது என்று கணக்குப் போட மாளிகையில் ஆள் இல்லை போலிருக்கிறது.

போகட்டும். நீங்கள் விற்க வந்த சரக்கு என்னவென்று உங்களுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அதை நான் சொல்கிறேன். பதினோரு வருஷமாகத் தின்று பார்த்தவன் சொல்வதில் ருசி பேதம் இருக்காது.

எங்கள் அணியின் பெயரே பாதியில் நின்றுபோனது. சென்னையின் எஃப்.சி. சென்னையின் என்ன? வேற்றுமை உருபை ஒட்டிவிட்டு மீதியை எங்களிடம் விட்டுவிட்டார்கள். நாங்களும் வருஷா வருஷம் அந்த வாக்கியத்தை முடித்துக்கொண்டே வருகிறோம். 2014இல் முதல் சீசனிலேயே பட்டியலில் முதலிடம். அரையிறுதியில் கேரளாக்காரர்களிடம் தோற்றோம். ‘சென்னையின் கெட்ட நேரம்’ என்று முடித்துக்கொண்டோம்.

2015 டிசம்பர் உங்களுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எங்களுக்கு இருக்கிறது. ஊரே தண்ணீரில் நின்றது. எங்கள் வீட்டில் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டு நாங்கள் கட்டிலில் ஏறினோம். சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போய்விட்டது. அங்கே எங்கள் பையன்கள் கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். டிசம்பர் 20, கோவாவில், கோவா அணியுடனே இறுதி ஆட்டம். வீட்டு டிவி நனைந்து செத்திருந்தது. தெருமுனை டீக்கடையில் நாற்பது பேர், இரண்டு பெஞ்சு. 87ஆவது நிமிடம் கோவா 2-1. டீக்கடைக்காரர் “அவ்ளோதாம்பா” என்று ரிமோட்டைத் தேடினார். கிடைக்கவில்லை. அது கிடைக்காமல் போனதற்கு நான் இன்றுவரை வடிவுடையம்மனுக்கு நன்றி சொல்கிறேன். கோவா கோலி கட்டிமணி பந்தைத் தன் வலைக்குள்ளேயே விட்டுக்கொண்டார். அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் எங்கள் மெண்டோசா இன்னொன்று. 3-2. சீசன் நடுவில் கடைசி இடத்தில் கிடந்த அணி கோப்பையைத் தூக்கியது. சேற்றைக் கழுவாத காலோடு நாற்பது பேரும் தெருவில் ஆடினோம். ஐயாமார்களே, நீங்கள் டெண்டரில் எழுத மறந்த சரக்கு இதுதான். இதற்கு 37.5 கோடி கேட்டால் நான் சீப்பு என்றுதான் சொல்வேன்.

2018 மார்ச் 13, அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், நேரு ஸ்டேடியம். (அதற்கு ‘மெரினா அரீனா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரியமேட்டில் கடலைத் தேடி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.) கோவாவை 3-0 வென்றோம். ஜேஜே இரண்டு, நடுவில் ஒன்று தனபால் கணேஷ். கணேஷ் வியாசர்பாடிப் பையன். எங்கள் கேலரி அன்றைக்குப் போட்ட கூச்சலில் ரிப்பன் மாளிகைக் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடியிருக்கும். நாலாம் நாள் பெங்களூரில், பெங்களூரையே 3-2 தோற்கடித்து இரண்டாவது கோப்பை. சென்னையின் கெத்து.

அடுத்த சீசன், 18 ஆட்டத்தில் 9 புள்ளி, பத்து அணியில் பத்தாவது. சென்னையின் தலையெழுத்து.

இங்கேதான் உங்கள் நிர்வாகத் திறமையைப் பாராட்ட வேண்டும். அதே 2018-19இல் சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன் ஆனது. 2019 மார்ச் 9, கடைசி நாள் ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 வென்று. பெயர் சென்னை, ஆடிய ஊர் கோவை, சீசன் முழுக்க 21 கோல் போட்டவர் உருகுவேக்காரர் பெட்ரோ மான்சி. எங்களுக்கு அதெல்லாம் பரவாயில்லை, பெயரில் சென்னை இருக்கிறதே. ஆக, ஒரே ஊர்ப் பெயரில் இரண்டு அணி. ஒன்று ஒரு லீகில் முதல், இன்னொன்று இன்னொரு லீகில் கடைசி. உலகத்தில் முக்கால்வாசி இடத்தில் என்றால் முதல் வந்தவன் மேலே ஏறுவான், கடைசியில் நின்றவன் கீழே இறங்குவான். நீங்கள் என்ன செய்தீர்கள்? இருவரையும் இருந்த இடத்திலேயே உட்காரச் சொன்னீர்கள். கார்ப்பரேஷன் ஸ்கூலில்கூட ஆல் பாஸ் என்றால் எல்லோரையும் மேலே தள்ளுவார்கள் ஐயா. உங்கள் பள்ளியில் ஃபெயிலானவனுக்கும் அதே பெஞ்சு, முதல் ராங்குக்கும் அதே பெஞ்சு. முதல் ராங்க் வாங்கிய சென்னை சிட்டியின் பெயர் 2020-21 சீசனோடு ஐ-லீகிலிருந்தே காணாமல் போய்விட்டது.

அப்புறம் ஏறுவதற்கு மட்டும் ஒரு படி வைத்தீர்கள். 2024-25இல் அந்தப் படியில் கால் வைக்க வேண்டியது இன்டர் காசி அணியா, சர்ச்சில் அணியா என்று சுவிட்சர்லாந்து நடுவர் மன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் ஏரியா செவன்ஸ் டோர்னமெண்டில்கூடக் கோப்பையை யார் எடுத்துப்போக வேண்டும் என்று அன்றைக்குச் சாயந்திரமே தெரிந்துவிடும். அடிதடி நடக்கும், அது வேறு. ஆனால் விஷயம் வெளிநாடு போகாது.

என் அணியின் கதைக்கு வருகிறேன். 2019-20இல் மறுபடி அடியிலிருந்து கிளம்பி ஃபைனல். ஓவன் கோய்ல் வந்து செய்த மாயம். 2020 மார்ச் 14, கொரோனாவால் பூட்டிய ஸ்டேடியத்தில், கொல்கத்தாவிடம் 1-3. அடுத்த மூன்று சீசன் எட்டாவது இடம், எட்டாவது இடம், மறுபடியும் எட்டாவது இடம். நாங்கள் ஆர்.டி.ஓ. மைதானத்தில் ஒரு தடவை எட்டு போட்டால் லைசென்ஸ் கொடுத்துவிடுவார்கள். மூன்று தடவை போட்டும் ஒன்றும் கிடைக்காத ஒரே டிரைவர் சென்னையின் எஃப்.சி.தான். அதன் பிறகு ஒரு ஆறு, சென்ற சீசனில் பதிமூன்றில் பதினொன்று.

நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர்வரை மெட்ரோ ரயில் திறந்தார்கள். காலடிப்பேட்டையில் ஏறினால் சென்ட்ரல், அங்கிருந்து நடை. பஸ்ஸில் தொங்கி, ராயபுரம் பாலத்தில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் அரைமணி நேரம் நின்று, முதல் கோலை ரேடியோவில் கேட்ட காலம் முடிந்தது என்று மகிழ்ந்தோம். அந்த சீசனும் அடுத்த சீசனும் எங்கள் ஆட்டம் எல்லாமே கோவாவில், பூட்டிய கதவுக்குள்ளே. மெட்ரோ கோவாவுக்குப் போகவில்லை.

ஆனாலும் எங்கள் பக்கம் கால்கள் சும்மா இருக்கவில்லை. (எங்கள் பேட்டைக்கே காலடி என்றுதான் பெயர். கவர்னர் காலெட் நெசவாளர்களுக்காக அமைத்த ஊர். காலெட்டை எங்கள் வாய் காலடி ஆக்கிவிட்டது. எதையும் காலுக்குக் கொண்டுவந்துவிடுகிற வாய்.) சென்னைப் பையன் நந்தகுமார் 2023 ஆகஸ்ட் 12 அன்று டுராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக ஒரே ஒரு கோல் போட்டு மோகன் பகானைச் சாய்த்தார். நாலரை வருஷமாக டெர்பி வெல்லாதிருந்த பாதி கொல்கத்தா அன்றைக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைக்காகச் சங்கு ஊதியது. எங்களுக்குப் பெருமைதான், கொஞ்சம் வயிற்றெரிச்சலும்கூட. எங்கள் வலையில் வளர்ந்த மீன், ஏலம் மட்டும் எப்போதும் வேற ஊரில்.

கேரமில் இந்தத் தொல்லை இல்லை. புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024இல் அமெரிக்கா போய் மூன்று தங்கத்தோடு வந்தார். ஒரு போர்டு, ஒரு டப்பா பவுடர் போதும். சம்மேளனம் குறுக்கே வருவதற்கு அதில் இடம் குறைவு.

ஒப்பந்தக் குழப்பத்தில் சென்ற ஆகஸ்டில் என் அணி வேலையையே நிறுத்தி வைத்தது. பெங்களூர் அணி சம்பளத்தை நிறுத்தியது. 2025 ஏப்ரல் 12 அன்று ஃபைனல் முடிந்து, அடுத்த லீக் பிப்ரவரி 14 என்று இப்போது விளையாட்டு அமைச்சர் அறிவித்திருக்கிறார். கிட்டத்தட்ட பத்து மாதம். டிசம்பரில் மெஸ்ஸி வந்து கையசைத்துவிட்டுப் போனார். கொல்கத்தாவில் நாற்காலிகள் பறந்தன. லீக் பந்து உருளவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் எங்களுக்குப் புதிதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14வரை, 61 நாள். எந்த நாள் தொடங்கும், எந்த நாள் முடியும் என்று காசிமேட்டுக் குழந்தைக்கும் தெரியும். அரசாங்கம் நிவாரணம் கொடுக்கும். லாஞ்சுகளைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். தடை எதற்கு? மீன் இனம் பெருகட்டும் என்று. உங்கள் தடைக்காலத்துக்குத் தொடக்கம் சொல்லவில்லை, முடிவு சொல்லவில்லை, நிவாரணம் என்ற பேச்சே இல்லை. அதில் என்ன பெருகியது என்று தேடிப் பார்த்தேன். வழக்குகள் பெருகியிருந்தன.

அண்ணி கேட்ட ஐஸ் விஷயத்துக்கும் உங்களிடம் அனுபவம் உண்டு. 2022 ஆகஸ்டில் ஃபிஃபா உங்களையே தடை செய்து பத்துப் பதினோரு நாள் பெட்டியில் போட்டு மூடி வைத்ததே. அந்த ஐஸைக் கொஞ்சம் சரக்கின் மேலும் தூவியிருக்கலாம்.

இப்போது பதினான்கு அணி, 91 ஆட்டம் என்கிறார்கள். ஆளுக்குப் பதிமூன்று ஆட்டம். கூறு கட்டி விற்கும்போது சிறிய கூறாகப் போட்டால் சீக்கிரம் போகும் என்பது எங்களுக்கும் தெரியும், குறை சொல்லவில்லை. டிக்கெட் எடுப்பேன். அண்ணன் பேரன்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போவேன். தோற்றால் திட்டுவேன், ஜெயித்தாலும் நடுவரைத் திட்டுவேன்.

அதற்குள் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். மாளிகையிலிருந்து ஒருவரை, பெரிய அதிகாரியாக இருந்தால் நல்லது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்கு அனுப்புங்கள். மூன்று மணிக்கெல்லாம் வந்துவிட வேண்டும், ஐந்துக்கு வந்தால் நல்ல மீன் போயிருக்கும். கூட்டம் இடிக்கும், யாரும் சார் என்று வழிவிட மாட்டார்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், ஐஸ் தண்ணீர் தெறிக்கும். ஷூவும் வேண்டாம், தரை வழுக்கும், ரப்பர் செருப்பே போதும். வாசலில் கூடையோடு அண்ணி நிற்பார். முதல் கேள்வி என்ன கேட்பார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். பதிலைத் தயார் செய்துகொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சென்னையின்
காலடிப்பேட்டை ரசிகன்