ஆண்கள் செக்‌ஷனில் ரசியா சுல்தானா

தில்லியில் ஆண்கள் செக்‌ஷனுக்குள் புகுந்து தனக்கு உடுப்பு எடுத்துக்கொண்ட முதல் பெண்மணி ரசியா. 1236இல் அரியணை ஏறியவர், பிறகு திரையையும் பெண்ணுடையையும் ஓரங்கட்டிவிட்டு, கபா என்ற அங்கியும் தலையில் குல்லாயும் தரித்து யானைமேல் ஊர் பார்க்க வந்தார். அவர் காலத்திலேயே வாழ்ந்த மின்ஹாஜ் என்ற வரலாற்றாசிரியர் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். ராஜாவுக்கு வேண்டிய எல்லா லட்சணமும் அம்மணிக்கு இருந்தது, ஆணாகப் பிறக்காததுதான் குறை என்று ஒரு பெருமூச்சும் விட்டிருக்கிறார். அந்த அங்கி தோளில் சரியாக உட்கார்ந்ததா, கை நீளமாகத் தொங்கியதா என்று மட்டும் ஒரு வரி எழுதவில்லை. வரலாற்றாசிரியர்களுக்கு முக்கியமான விஷயம் எப்போதும் கண்ணில் படாது.

1240இல் ஆட்சியும் போயிற்று, ரசியாவும் போய்ச் சேர்ந்தார். அளவுப் பிரச்சினை மட்டும் சாகாமல் கிடந்து, எழுநூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து, கறுப்பு ராக் பேண்ட் டி-ஷர்ட்டாக தில்லி பாலிகா பஜாரின் படிகளில் இறங்கியது.

டி-ஷர்ட்டின் ஜாதகமே ஆண் ஜாதகம்தான். 1913 வாக்கில் அமெரிக்கக் கடற்படை தன் மாலுமிகளுக்குச் சட்டைக்கு உள்ளே போட்டுக்கொள்ளக் கொடுத்த பனியன் அது. பின்னால் வந்தவர்கள் அதில் படம் அச்சடித்தார்களே தவிர, உள்ளே இருந்த மாலுமியை வெளியேற்றவில்லை.

படங்களாவது ஆண் சொத்தா என்றால், அதுவும் இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நாக்குச் சின்னத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970இல் லண்டனில் ஓவியக் கல்லூரி மாணவராக இருந்த ஜான் பாஷ் வரைந்தது. குழுவின் பாடகர் மிக் ஜாகர் அவரிடம் மாதிரிக்குக் காட்டியது சாட்சாத் நம் காளியின் படம். நாக்கை மட்டும் உருவிக்கொண்ட பாஷுக்குக் கூலி 50 பவுண்டு. காளிக்கு ஒரு எலுமிச்சம்பழ மாலைகூடக் கிடைக்கவில்லை. அவள் பாட்டுக்குக் கால்காஜி கோயிலில் தரிசனம் கொடுத்துக்கொண்டிருக்க, நாக்கு லண்டன் போய், உலகத்தைச் சுற்றி, ஜன்பத் நடைபாதை ஹேங்கரில் வந்து தொங்கியது. வாங்க வந்த பெண்ணுக்குக் கிடைத்த பதில், லேடீஸ் சைஸ் இல்லை.

அடுத்தது ஜாய் டிவிஷன் என்ற குழு. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாக எழும்பி நிற்பதைப் பலர் இமயமலை என்றே நினைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். 1979இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தின் அட்டையில் இருப்பது, முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட பல்சார் நட்சத்திரத்தின் துடிப்பு. 1967இல் கேம்பிரிட்ஜில், தொலைநோக்கி கக்கிய காகிதச் சுருளைத் தன் கண்ணாலேயே சலித்து அதைப் பிடித்தவர் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி. 1974இல் நோபல் பரிசு அவருடைய கைடுக்குப் போயிற்று. டி-ஷர்ட் ஆண்கள் அளவுக்குப் போயிற்று. இரண்டுக்கும் ஒரே டெய்லர்தான் அளவெடுத்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இந்தப் பாவத்தில் தமிழர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. பின்னலாடை என்றால் திருப்பூர் அல்லவா! வட்டப் பின்னல் மெஷினிலிருந்து துணி குழாயாகவே இறங்கும். மலிவு ரகத்துக்கு அந்தக் குழாயை அப்படியே நறுக்கி, தோளை மூட்டி, கையை ஒட்டினால் டி-ஷர்ட் ரெடி. பக்கத்தில் தையலே கிடையாது. நேரமும் மிச்சம், கூலியும் மிச்சம். தலையணை உறைக்கு எவ்வளவு இடுப்போ அதற்கும் அவ்வளவுதான். இடுப்பு வேண்டுமென்றால் துணியைப் பிரித்து, முன்பக்கம் பின்பக்கம் தனித்தனியாக வெட்டி, இரண்டு பக்கமும் ஓவர்லாக் அடிக்க வேண்டும். பெண்ணின் இடுப்புக்காக ராஜ்யங்களை இழந்தவர்கள் உண்டு. இரண்டு தையலுக்கு நூல் செலவழிக்கத்தான் ஆளில்லை.

1990களில் கம்பெனிகள் ஒருவழியாக மனமிரங்கி லேடீஸ் ஃபிட் என்று ஒன்றைக் கொண்டுவந்தன. மனமிரங்கிய லட்சணத்தைக் கேளுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் அடுத்த தெரு தெரியும் துணி. கை என்ற பெயரில் தோளில் ஒரு மடிப்பு. நீளம் தொப்புளோடு சரி. எக்ஸ்எல் என்று போட்டிருப்பது எட்டாம் வகுப்புக்கு. கறுப்பு போய் பிங்க் வந்தது. மண்டையோட்டுக்கு ஜிகினா ஒட்டி, நெற்றியில் ரிப்பனும் கட்டினார்கள். நரகத்தைப் பற்றித் தொண்டை கிழியக் கத்தும் குழு, பிறந்தநாள் கேக் மாதிரி ஆயிற்று.

தில்லிப் பெண்கள் சரோஜினி நகருக்குக் கிளம்பினார்கள். ஏற்றுமதியில் மிஞ்சியது, கழித்தது, லேபிள் வெட்டியது எல்லாம் அங்கே குவியலாகக் கிடக்கும். கவிக்குயிலின் பெயர் வைத்த மார்க்கெட்டில் கூவலுக்கு என்ன பஞ்சம்! குவியல்மேல் நின்று விலை கூவும் பையனிடம் அளவு கேட்டால், "ஃப்ரீ சைஸ் ஹை, தீதி" என்பான். பிரித்துப் பார்த்தால் ஆம்பிளை மீடியம்.

மிச்சம் ஆல்டரேஷன் மாஸ்டர்ஜியின் கையில். சட்டையைத் திருப்பிப் போட்டு, இரண்டு பக்கமும் சாக்பீஸ் கோடு இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். ஜாய் டிவிஷனுக்கு ஆபத்தில்லை. நட்சத்திரம் நடுவில்தான் துடிக்கிறது. மெட்டாலிகாதான் வம்பு. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஈட்டியாக நீண்டு இரண்டு ஓரத்தையும் தொடும். அவை தையலுக்குள் போய்விட்டால், நெஞ்சில் மிஞ்சுவது ‘எட்டாலிக்’. 2011 அக்டோபர் 28 அன்று குர்காவ்னில் வாசிக்க வந்த அந்தக் குழு, மேடைக்கு முன்னாலிருந்த தடுப்பு சரிந்து கச்சேரி ரத்தாகி, ஒரு பாட்டுகூட வாசிக்காமல் போயிற்று. ரசிகர்கள் மேடையை நொறுக்கினார்கள். வாசிக்காத குழுவுக்கு எட்டாலிக் என்ற பெயரே ஜாஸ்தி.