சல்லடைக்கு ஒரு காப்புரிமை விண்ணப்பம்

அனுப்புநர்:
மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு நோட்டு எழுதுபவள்,
படவேடு, ஜவ்வாது மலை அடிவாரம்,
திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
காப்புரிமைகள், வடிவமைப்புகள், வணிகக்குறிகள் தலைமைக் கட்டுப்பாட்டாளர் அவர்கள், மும்பை.

நகல்: காப்புரிமை அலுவலகம், கிண்டி, சென்னை.

பொருள்: தங்கள் துறையிடமே உள்ள அரியதொரு கருவிக்குக் காப்புரிமை கோருதல் – தொடர்பாக.

பார்வை: காப்புரிமைச் சட்டம் 1970, காப்புரிமை விதிகள் 2003.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் ஊர் ரேணுகாம்பாள் அம்மன் புண்ணியத்தில் நாங்கள் நலம். தாங்களும் நலமாகவே இருப்பீர்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் விண்ணப்பம் போட்டுத் தங்கள் வேலையைக் கெடுத்ததாக இதுவரை காதில் விழவில்லை.

காப்புரிமைச் சட்டத்தில் பெண் விண்ணப்பிக்கக் கூடாது என்று ஒரு வரிகூட இல்லை. அப்படி எழுதாமலேயே பெண்ணைத் தனியே பிரித்து வெளியே நிறுத்தும் ஒரு சல்லடை மட்டும் இருக்கிறது. கம்பி தெரியாது, சத்தம் வராது, யார் சலித்தார் என்றும் சொல்ல முடியாது. இத்தனை நேர்த்தியான கருவிக்கு இன்னும் காப்புரிமை வாங்காமல் வைத்திருக்கிறீர்களே என்ற ஆதங்கத்தில், அதன் விவரக்குறிப்பைத் தங்கள் சார்பில் நானே எழுதிவிட்டேன்.

கருவி இயங்கும் விதம் வருமாறு.

ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது. மணியோ பொடிசு, உமியோ விடாப்பிடி. மெதுவாக இடித்தால் உமி போகாது, ஓங்கி இடித்தால் நொய்யாகிவிடும். உரலும் உலக்கையும் முறமும் காலங்காலமாகப் பெண் கையில்தான். அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரி ஒருத்தி, பழைய டயர் ரப்பரையும் சைக்கிள் செயினையும் கோத்துக் கையால் சுற்றும் உமிநீக்கி ஒன்றைச் செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளைச் சல்லடையில் போடுகிறோம்.

முதல் சலிப்பு, பிரிவு 3. ஏற்கெனவே தெரிந்த பொருள்களை வெறுமனே அடுக்கி வைத்தால் கண்டுபிடிப்பு இல்லை என்கிறது (எஃப்). செயினும் ரப்பரும் தெரிந்தவைதானே? சாமையை இடிக்காமல், விதைப்பதில் ஒரு புது உத்தி கண்டாள் என்றால், விவசாய முறை கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது (எச்). பாட்டியிடம் கற்ற பக்குவத்தை மேம்படுத்தினாள் என்றால், மரபறிவு கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது (பி). இந்தக் கடைசி வேலியின் அவசியம் எனக்கும் தெரியும். காயத்துக்கு மஞ்சள் வைப்பதற்கு 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் போராடி 1997இல் அதை ரத்து செய்யவைத்தது. ஆனால் மிசிசிப்பியை வெளியே நிறுத்தக் கட்டிய வேலிக்கு அந்தப் பக்கம்தான் பாட்டியின் பேத்தியும் நிற்கிறாள். வயல், அடுப்படி, உரல், கைவைத்தியம் என்று பெண் மூளை அதிகம் புழங்கும் இடங்களைப் பட்டியல் போட்டால், பாதிக்கு மேல் பிரிவு 3இலேயே கிடைத்துவிடும்.

இரண்டாம் சலிப்பு, விதி 9. ஆவணங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். எழுத்தின் உயரம் 0.28 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. தாளின் மேலும் இடப்பக்கமும் 4 சென்டிமீட்டர், கீழும் வலப்பக்கமும் 3 சென்டிமீட்டர் ஓரம் விட வேண்டும். ஓரத்துக்குக்கூட இடம் ஒதுக்கிய விதியில் தமிழுக்கு இடமில்லை. அலுவலகம் இருப்பது கிண்டியில். தமிழில் எழுதிய இந்த விண்ணப்பமே இதற்குள் சல்லடையில் தங்கியிருக்கும்.

மூன்றாம் சலிப்பு, என் துறை: கணக்கு. தனிநபர் விண்ணப்பத்துக்கு 1,600 ரூபாய், பரிசோதனை கோர 4,000 ரூபாய். பெண்களைக் கைதூக்கிவிட 2019 செப்டம்பரில் விதியைத் திருத்தி, தனிநபர் விண்ணப்பதாரர்களில் ஒருவர் பெண்ணாக இருந்தாலே விரைவுப் பரிசோதனை கேட்கலாம் என்றீர்கள். நன்றி. அந்தச் சலுகைக்குக் கட்டணம் 8,000. அதாவது இரட்டிப்பு. விண்ணப்பம் அதுவரை வெளியாகியிருக்காவிட்டால், முன்கூட்டியே வெளியிடக் கோரி இன்னொரு 2,500. ஆக மொத்தம் 12,100 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025–26இல் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளுக்கு 336. முழுக் கூலி கைக்கு வருவதாகவே வைத்துக்கொண்டாலும், 36 நாள் மண் வெட்டினால் 12,096 தேறும். மீதி 4 ரூபாயைக் குழுச் சேமிப்பில் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

காப்புரிமை கிடைத்துவிட்டாலும் கதை முடியாது. மூன்றாம் ஆண்டு முதல் புதுப்பிப்புக் கட்டணம்: ஆண்டுக்கு 800இல் தொடங்கி, 2,400, 4,800 என ஏறி, கடைசி ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 8,000. இருபதாம் ஆண்டு வரை கட்டினால் 76,800. இதற்குக் கடன் கேட்டுப் போனால், கறவை மாட்டுக்குக் கடன் கொடுக்கும் வங்கி, கண்டுபிடிப்பைக் கொட்டிலில் கட்டிக் காட்டச் சொல்லும்.

நான்காம் சலிப்புதான் அழகு. விண்ணப்பிக்கும் முன் ஊருக்குக் காட்டிவிட்டால் புதுமை போயிற்று. ஆடி வெள்ளிக் கூட்டத்தில் நாலு பேருக்குச் சுற்றிக் காட்டினாலும், ‘நீயும் ஒண்ணு செஞ்சுக்கோ அக்கா’ என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக் கொடுத்தாலும் அதே கதி. பிரிவு 31 ஒரு விலக்கு தருகிறது: மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் காட்டியிருந்தால், 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். எங்கள் தெரு இன்னும் அரசிதழில் வரவில்லை. கற்றதைப் பகிர்வதுதான் மகளிர் குழுவின் முதல் பாடம். தங்கள் சட்டத்தின் முதல் பாடம் வாயை மூடு என்பது.

கருவியில் ஒரு பழுதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எப்போதாவது ஒருத்தி தப்பி வெளியே தெரிந்துவிடுகிறாள். எங்கள் மாவட்டத்திலேயே, திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர் பள்ளி வயதில் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்தார், கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசினார். அவருக்கு முழு அளவு மாதிரி வண்டியைச் செய்து கொடுத்தது குஜராத் மாநிலம் காந்திநகரிலுள்ள தேசியப் புத்தாக்க அறக்கட்டளை. படித்த வீடும், தேடிவந்த அமைப்பும் வாய்த்தால் சல்லடை சற்று விலகுகிறது. எல்லாப் பெண்ணுக்கும் காந்திநகர் வரை கை நீளுமா?

இனி, காப்புரிமைக்கான மூன்று சோதனைகள்.

தொழிற்பயன்பாடு உண்டா? உண்டு. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் கணக்கில், சர்வதேச விண்ணப்பங்களில் பெயர் வரும் கண்டுபிடிப்பாளர்களில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கருவி உலகெங்கும் நன்றாகவே ஓடுகிறது.

அறிவார்ந்த முன்னேற்றம் உண்டா? தடை என்ற சொல்லே இல்லாமல் தடுப்பதைவிட வேறென்ன முன்னேற்றம் வேண்டும்?

புதுமை? இங்கேதான் மாட்டிக்கொண்டோம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து லண்டன் போன சிபில்லா மாஸ்டர்ஸ் என்ற பெண், சோளத்தை அரைக்காமல் உலக்கைபோல் இடித்துப் பக்குவப்படுத்தும் எந்திரம் ஒன்றைக் காட்டினார். 1715இல் அரசர் காப்புரிமை தந்தார், சிபில்லாவின் கணவர் தாமஸ் பெயரில். மார்கரெட் நைட் என்ற பெண்ணின் காகிதப்பை எந்திரத்தைப் பார்த்துவைத்த ஒருவர் தன் பெயரில் விண்ணப்பம் போட, வழக்காடித்தான் 1871இல் நைட் அதை மீட்டார். ஆகத் தங்கள் சல்லடை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே புழக்கத்தில் இருந்திருக்கிறது. புதுமை இல்லை. போதாததற்கு, பிரிவு 3(பி)யின்படி இது சுத்தமான மரபறிவு. விண்ணப்பத்தை வருத்தத்துடன் நானே நிராகரிக்கிறேன்.

காப்புரிமை பெற முடியாத பழம்பொருளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கழற்றிவிடுங்கள். சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு விரைவுப் பரிசோதனைக் கட்டணத்தையும் புதுப்பிப்புக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்யுங்கள். மகளிர் குழுக் கண்காட்சிகளைப் பிரிவு 31இன் கீழ் அறிவிக்கச் சொல்லி அரசுக்குப் பரிந்துரையுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள்.

தமிழுக்கு மட்டும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதே விதி 9இல், ‘கட்டுப்பாட்டாளர் வேறு விதமாக அனுமதித்தாலொழிய’ என்று அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. அந்த அனுமதிக்குத் தங்கள் கையெழுத்து ஒன்றே போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
படவேட்டுக் கணக்குக்காரி.