ஆறு பேர் திருத்திய கட்டுரை

கேள்வி: பாட்டியின் இட்லிக் கடையில் கணக்கு எழுதியதை வைத்து அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பக் கட்டுரை எழுதினேன். ஆறு பேரிடம் காட்டினால் ஆளுக்கொரு திருத்தம்! யார் பேச்சைக் கேட்பது?
– ப்ளஸ் டூ மாணவி, திருச்சி

பதில்: ஆறு பேர் திருத்தினால் அது ஆறு பேரின் கட்டுரை, கல்லூரியில் படிக்கப் போவது நீங்கள் ஒருவர்தானே! அமெரிக்கக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான 'காமன் ஆப்' கட்டுரைக்குத் தருவது அதிகபட்சம் 650 சொற்கள். மாமாவின் பொன்மொழி, ட்யூஷன் சாரின் அகராதி, அண்ணனின் 'லீடர்ஷிப்' எல்லாம் ஏறிக்கொண்டால் உங்களுக்கு நிற்கக்கூட இடமிருக்காது. மதிப்பெண், பரிசுகளுக்கு விண்ணப்பத்தில் வேறு இடம் உண்டு. இங்கே தேடுவது உங்கள் குரலை.

இரண்டு பேர் போதும். உங்களை நன்றாக அறிந்தவரிடம், "இது நான்தானா?" என்று கேளுங்கள். அதிகம் அறியாத ஓர் ஆசிரியரிடம், "படித்ததும் என்னைப் பற்றி என்ன தெரிந்தது?" என்று கேளுங்கள். "நல்லா இருக்கா?" என்று மட்டும் வேண்டாம், உப்பில்லாத சாம்பாருக்கும் நம் வீடுகளில் "நல்லா இருக்கு"தான்! அலுப்புத் தட்டும் இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். மாற்றி எழுதும் பேனா உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

இட்லிக் கடையை வெட்டச் சொன்னவர் யாராக இருந்தாலும், வெட்டாதீர்கள்.