கூரை தின்ற காசு

ஸ்காபரோ, ஒன்ராறியோ
2025 நவம்பர்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

 

கோயில் மடப்பள்ளிக் கூரைத் திருப்பணிக்கு நான் அனுப்பிய 200 டொலரைப் பார்த்துவிட்டு, "பெடியன் ஒரு சைபரை மறந்துபோனான்" என்று நீங்கள் தங்கச்சியிடம் சொன்னீர்களாம். மறக்கவில்லை, பெரியப்பா. அந்தச் சைபர் இப்போது என் வீட்டுக் கூரையில் ஆணி அடிக்கப்பட்டுக் கிடக்கிறது. வரியோடு சேர்த்து 15,503 டொலர் முடிந்தது. உங்கள் கணக்கில் முப்பது லட்சம் ரூபாய்க்கு மேல். "அந்தக் காசுக்கு ஊரிலை கூரையோடை ஒரு வீடே கட்டலாமே" என்று நீங்கள் சொல்வது இங்கே கேட்கிறது. இங்கே அது கூரைக்கு மட்டும். வீட்டுக்கு வங்கியில் தனியாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருடம் பெப்ரவரி நடுவில், சில நாட்களுக்குள்ளேயே ரொறன்ரோவில் அரை மீற்றர் அளவுக்குப் பனி கொட்டியது. வெள்ளையாக, மெல்லிசாகப் படத்தில் தெரிகிற பனிக்கு என்ன பாரம் என்று கேட்பீர்கள். விழுந்த கையோடு அள்ளினால் பாரமில்லைத்தான். ஒரு கன மீற்றர் 100 கிலோகூட வராது. கிடந்து இறுகினால் 200, 300 என்று ஏறும். 150 சதுர மீற்றர் கூரையில் 30 சென்ரிமீற்றர் இறுகிய பனி நின்றால், குறைந்த கணக்கில் 9 தொன். அதற்குக் கீழேதான் நாங்கள் போர்த்திக்கொண்டு படுக்கிறோம்.

ஆனால் பாரத்தால் கூரை போகவில்லை. பனி விட்டு இரண்டொரு நாளில் நல்ல வெயில் எறித்தது. மழை இல்லை. வெளியே சைபருக்குக் கீழே பத்துப் பாகை. ஒரு துளி தண்ணீர்கூடத் தண்ணீராக நிற்க முடியாத அந்தக் குளிரில், எங்கள் படுக்கையறைச் சீலிங்கிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டியது. உங்கள் மருமகள் புட்டுப்பானையைக் கொண்டுவந்து கீழே வைத்தாள். அன்றிரவு இடியப்பம்.

இதில்தான் பெரியப்பா, இந்த நாட்டுக் கூரையின் சூட்சுமம் இருக்கிறது. ஊரில் தண்ணீர் மேலேயிருந்து வரும்; ஓடு உடைந்தால் ஒழுகும்; ஏறி மாற்றினால் அலுவல் முடிந்தது. இங்கே கூரையின் எதிரி வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறான். மாதா மாதம் எரிவாயுவுக்குக் காசு கட்டி நாங்கள் வீட்டைச் சூடாக்குகிறோம். அந்தச் சூடு சீலிங்குக்கு மேலே ஏறி, கூரைப் பலகையை அடியிலிருந்து சுடவைக்கிறது. மேலே கிடக்கும் பனியின் அடிப்பக்கம் உருகித் தண்ணீராகிக் கீழே வழிகிறது. தாவாரத்துக்கு வந்தால் அங்கே அடியில் வீடு இல்லை, சூடும் இல்லை. தண்ணீர் அந்த இடத்தில் திரும்ப உறைந்து, வயலுக்கு வரம்பு கட்டினதுபோல விளிம்பு நீளத்துக்கு ஐஸ் கட்டிவிடுகிறது. பின்னால் வருகிற தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. தேங்கி, மேல்நோக்கி ஏறி, தகடுகளின் கீழால் புகுந்து, என் கட்டிலுக்கு நேரே இறங்குகிறது. நானே காசு கொடுத்துச் சூடாக்கி, நானே உருக்கி, நானே வீட்டுக்குள் இறக்கிய தண்ணீர் அது.

தகடு என்றது ஓட்டையோ தகரத்தையோ அல்ல. இங்கே பெரும்பாலான வீடுகளில் 'சிங்கிள்'தான். கண்ணாடி நார்ப் பாயில் தார் ஏற்றி, மேலே கல்லுத்தூள் ஒட்டியிருப்பார்கள். பொதியில் 30 வருட உத்தரவாதம் என்று பெரிதாகவும், அது எப்போதெல்லாம் செல்லாது என்று சின்னதாகவும் அச்சடித்திருக்கும். கோடை வெயிலில் வெந்து, மாரியில் விறைத்து, 20 வருடம் தாக்குப்பிடித்தால் முன்னோர் செய்த புண்ணியம். எங்களுடையது 20ஐத் தாண்டிவிட்டது. காப்புறுதிக் கொம்பனியைக் கூப்பிட்டேன். என் வயதை விசாரிப்பதற்கு முதல் கூரையின் வயதை விசாரித்தார்கள். திடீரென்று வந்த சேதம் என்றால் பார்க்கலாமாம். வயது போய் வந்த சேதம் என்றால் வீட்டுக்காரன் பாடாம். எங்களுடையதை வயது போன பக்கம் சேர்த்தார்கள்.

மார்ச்சில் பனி கரைந்ததும், நாங்கள் கூப்பிடாமலே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கையில் மட்டை, வாயில் சிரிப்பு. "பக்கத்துத் தெருவில் வேலை செய்கிறோம், உங்கள் கூரையில் இரண்டு மூன்று தகடு தூக்கிக்கொண்டு நிற்கிறது" என்பார்கள். வாசலில் நின்றபடியே என் கூரையின் மறுபக்கம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. இந்த மாகாணத்தில் இப்படி வீட்டில் வைத்துக் கையெழுத்து வாங்குகிற ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம் என்று சட்டம் இருக்கிறது. கதவைத் தட்டுகிறவர்களின் வாய்வல்லமையைச் சட்டம் எழுதினவர்களும் ஒரு தரம் அனுபவித்திருக்க வேண்டும்.

பிறகு விலை கேட்கத் தொடங்கினோம். ஒரே கூரை, ஒரே ஏணி, ஒரே அளவு. விலை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. நம்மவர் ஒருவர் 9,600 என்றார். காசாகத் தந்தால் 13 வீத வரியும் இல்லை, ரசீதுத் துண்டும் இல்லை. துண்டில்லாவிட்டால் நாளைக்கு ஒழுகும்போது யாரைப் பிடிப்பது என்று உங்கள் மருமகள் கேட்டாள். "அக்கா, நான் உங்கடை ஊருக்குப் பக்கத்து ஊர்" என்றார். அதுதான் அவர் தந்த உத்தரவாதம். இன்னொருவர் 13,000 என்றார். வேறொருவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து, படம் காட்டி, 17,500 என்று முடித்தார். உலோகக் கூரை போட்டால் 50 வருடம் நிற்கும், 30,000 ஆகும் என்று நாலாமவர் சொன்னார். அந்தக் கூரை என்னைவிட அதிக நாள் இருந்து யாருக்கு என்ன பயன் என்று யோசித்து, 13,000காரரைப் பிடித்தோம். வேலை செய்கிறவர்களுக்கு விபத்துக் காப்புறுதி, உயரத்தில் நின்று வேலை செய்யப் பயிற்சி எடுத்த அத்தாட்சி எல்லாம் அவர் கேட்காமலே காட்டினார். 2015 முதல் கட்டிட வேலைக்காரருக்கு அந்தப் பயிற்சி இங்கே கட்டாயம். ஊரில் தென்னையில் ஏறுகிற மனிதரிடம் போய் நீங்கள் இதைச் சொல்ல வேண்டாம்.

நிறம் தெரிவு செய்வது உங்கள் மருமகளின் இலாகா. கரிக்கறுப்பா, மரநிறமா, சாம்பலா என்று பல வாரம் ஆராய்ந்து, தெருத்தெருவாகக் காரில் போய் மற்றவர்களின் கூரைகளை அண்ணாந்து பார்த்து, கடைசியில் சாம்பலில் ஒரு வகையைத் தீர்மானித்தாள். மாரி முழுக்க அது வெள்ளையாகத்தான் இருக்கப்போகிறது என்று நான் சொன்னது சபையில் எடுபடவில்லை.

ஒக்டோபரில் வேலை. காலை ஏழு மணிக்கு, தலைக்கு மேலே இடி. ஐந்தாறு பேர் ஏறி நின்று, மண்வெட்டி மாதிரி ஒரு சாமானால் பழைய தகடுகளை வழித்துத் தள்ளினார்கள். புதுத் தகடு அறுபது கட்டுக்கு மேல், ஒரு கட்டு முப்பது கிலோ அளவில். ஆக இரண்டு தொன் மேலே போனது, இரண்டு தொன் கீழே வந்து வாசலில் நின்ற குப்பைத் தொட்டிக்குள் விழுந்தது. ஒரு தகட்டுக்குக் குறைந்தது 4 ஆணி. மொத்தம் ஐயாயிரத்துக்கு மேல் வரும், எல்லாம் காற்றுத் துவக்கால். ஒவ்வொன்றும் என் நடுமண்டையில் இறங்கியது. ஊரில் கிடுகு வேய்கிற நாளில் அயலட்டை முழுக்க வந்து நிற்குமே, சோறும் மீன்குழம்பும் கொடுத்தால் சரியே என்ற நினைப்பில் உங்கள் மருமகள் தேத்தண்ணியும் வடையும் கொடுத்தாள். வடையைச் சாப்பிட்டார்கள், புகழ்ந்தார்கள். துண்டில் ஒரு சதம் குறையவில்லை.

கூடியதுதான் மிச்சம். பழைய தகட்டைக் கழற்றினதும் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, உக்கிப்போன பலகைகளைக் காட்டினார். ஒரு பிளைவூட் 90 டொலர், எட்டு வேண்டும். ஒரு மூலையில் பலகை உக்கவில்லை, பிய்ந்திருந்தது. அது ரக்கூனின் வேலை. ஊரில் மரநாய் முகட்டுக்குள் குடும்பம் நடத்துகிறதே, இங்கே அந்த உத்தியோகம் ரக்கூனுக்கு. கண்ணில் கறுப்பு முகமூடியோடு பிறந்த பிராணி, கள்ளன் என்பதை ஒளிப்பதே இல்லை. சீலிங்குக்கும் கூரைக்கும் இடையில் இருக்கிற எங்கள் அற்றிக்கில் வாடகை இல்லாமல் இருந்துவிட்டுப் போயிருக்கிறது.

இனிக் கேளுங்கள், காசு எங்கே போனது என்று. வெளியில் தெரிகிற தகட்டுக்குப் போனது கொஞ்சம். மிச்சம் யாரும் பார்க்க முடியாத இடங்களுக்குப் போனது. தாவாரத்தில் தகட்டுக்குக் கீழே, ஐஸ் தண்ணீர் புகாதபடி ஒட்டுகிற ஒரு படலம் விரிக்க வேண்டும். விளிம்பிலிருந்து குறைந்தது 900 மில்லிமீற்றர் மேலே போய், சுவரின் உட்பக்கத்தைத் தாண்டி இன்னும் 300 மில்லிமீற்றர் வரவேண்டும் என்று கட்டிடச் சட்டக்கோவை எழுதியிருக்கிறது. அடுத்தது காற்று. சீலிங் பரப்பில் முந்நூறில் ஒரு பங்கு அளவுக்குக் கூரையில் காற்றோட்ட வாய்கள் வேண்டும். தாவாரத்தால் குளிர் காற்று உள்ளே போக வேண்டும், முகட்டால் வெளியே வர வேண்டும். அதாவது, வீட்டைச் சூடாக்க ஒரு பக்கத்தால் காசு, கூரையைக் குளிராக வைத்திருக்க மற்றப் பக்கத்தால் காசு. கூரை வெளியைப்போலவே விறைத்துக் கிடந்தால் பனி உருகாது, உருகாவிட்டால் ஒழுகாது. பதினையாயிரம் கொடுத்து நான் வாங்கியது கூரையை அல்ல, பெரியப்பா, அதன் குளிரை.

பனியைப் பற்றி இந்த ஊர்க்காரர் முறையிடக் கேட்டால் சிரிப்பு வரும். 1999 ஜனவரியில் ஒரு மாதத்துக்குள்ளேயே ஒரு மீற்றருக்கு மேல் கொட்ட, அன்றைய நகர முதல்வர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார். தெருவில் ஆமி இறங்கியிருக்கிறது என்று கேட்டதும் நம்மவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஜன்னலால் எட்டிப் பார்த்தால் சிப்பாய்களின் கையில் மண்வாரி. பனி அள்ளுகிறார்கள். மற்றக் கனேடியர்கள் இதைச் சொல்லி இன்றும் ரொறன்ரோக்காரரைப் பகிடி பண்ணுவார்கள். ஆமி வந்து வாசல் கூட்டிவிட்டுப் போனதைக் கண்ட தமிழருக்கு அது பகிடியாகத் தெரிந்திருக்காது.

போன கிழமை இந்த மாரியின் முதல் பனி விழுந்தது. விடிய எழும்பி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினேன், கூரை பார்க்க. இப்போது நான் கூரை பார்த்துக் குடும்பத்தின் வரவு செலவு சொல்வேன். பனி மொத்தமாகக் கிடக்கிற வீட்டில் சூடு உள்ளேயே நிற்கிறது. திட்டுத் திட்டாகக் கரைந்த வீட்டுக்காரர் வானத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறார். ஒல்லாந்தில் 2015இல், ஒரு தெருவில் பனி நிற்காத ஒரேயொரு கூரையைப் பார்த்தே பொலிஸ் உள்ளே போய்க் கஞ்சாத் தோட்டத்தைப் பிடித்ததாம். எதிர்வீட்டுக் கூரையில் ஒரு பொட்டுப் பனி இல்லை. அந்த மனுசன் வேளைக்குப் படுக்கிற பென்சன்காரர். அவருக்கு அற்றிக்கில் சூடு மறிக்கிற பஞ்சைக் கூட்டிப் போடச் சொல்லலாமா, பொலிசுக்குச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டு திரும்பி எங்கள் கூரையைப் பார்த்தேன். மூலைக்கு மூலை, முகடு வரை, ஒரு விரல்கடை குறையாமல் பனி. உருகாமல் கிடந்தது. கண்ணூறு பட்டுவிடும், அவ்வளவு வடிவு.

உங்கள் மருமகள் கதவைத் திறந்து, "கூரை ஓடிப்போகாது, கார் எடுக்கிற பாதையை வழிச்சுப்போட்டு உள்ளுக்கு வாங்கோ" என்றாள். கூரைக்குக் காசு கொடுத்து ஆள் பிடித்த வீட்டில், பாதைக்கு இருக்கிற ஆள் நான் மட்டும்தான்.

பெரியம்மாவின் முழங்கால் எண்ணெய் போன முறை வந்து சேர்ந்தது. பனி வழிக்கிற முதுகுக்கும் நல்லாய்க் கேட்கிறது. இன்னும் இரண்டு போத்தல் அனுப்பச் சொல்லுங்கள். மற்றவை உங்கள் பதில் கண்டு.

இப்படிக்கு,
உங்கள் அன்புப் பெறாமகன்