‘பி’ கடைசியில்: ஆட்டோமேட்டிக் காரை நிறுத்துவதன் வைப்புமுறை ஆராய்ச்சி

ஓர் இயலுக்குப் பின் மற்றோர் இயல் ஏன் வந்தது என்று காரணம் காட்டாமல் நம் உரையாசிரியர்கள் மேலே நகர்வதில்லை. பரிமேலழகர் ஒவ்வோர் அதிகாரத்தின் வாசலிலும் நின்று, அது அந்த இடத்தில் வைக்கப்பட்டதன் நியாயத்தைச் சொல்லிவிட்டுத்தான் குறளுக்குள் நுழைகிறார். இத்தனை அக்கறை கொண்ட மரபில் வந்தவர்கள், தினமும் இடது கையால் தொடுகிற பி, ஆர், என், டி என்ற நான்கெழுத்து நூலுக்கு ஓர் உரை எழுதாமல் விட்டது வியப்பு. எழுதாததன் விளைவைச் சாய்வான வாகன நிறுத்தங்கள் எல்லாவற்றிலும் கேட்கலாம். காரை நிறுத்துகிறார், கியர் ராடைப் பி-க்குத் தள்ளுகிறார், பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறார், வண்டி ஒரு சாண் உருண்டு ‘டக்’ என்று நிற்கிறது, அதன் பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுக்கிறார். இந்த வரிசை பிழையானது, பி கடைசியில்தான் வர வேண்டும் என்பதே இக்கட்டுரை நிறுவ வரும் கொள்கை. மற்றவை யாவும் இதற்குத் துணையாகவோ தடையாகவோ வருவன.

முதலில் எழுத்துகளின் வைப்புமுறை. இது ஆதியிலிருந்தே இப்படி இருந்ததன்று. 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ரமேட்டிக் என்ற முழு ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி வந்தபோது அதில் பி என்ற எழுத்தே கிடையாது. எஞ்சினை அணைத்துவிட்டு ஆர்-க்குத் தள்ளினால் உள்ளே பூட்டு விழும், அவ்வளவுதான். பின்னர் பி சேர்ந்த காலத்திலும் சில கார்களில் ஆர் கடைக்கோடியில், முன்னோக்கிப் போகும் எல்-க்குப் பக்கத்தில் கிடந்தது. சேற்றில் மாட்டிய வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி எடுக்க அது வசதி என்று வாதிட்டவர்கள் உண்டு. முன்னே போக நினைத்தவர் பின்னே போய் இடிப்பதற்கும் அதே வசதி இருந்ததை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிறைஸ்லர் நிறுவனம் 1956 முதல் 1964 வரை கியரைப் பொத்தான்களாக வைத்தது. தொடக்கத்தில் அவற்றிலும் பி இல்லை. 1968-இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதிகளில் ஒன்று, முன்னே போவதற்கும் பின்னே போவதற்கும் நடுவில் நியூட்ரல் இருந்தே ஆக வேண்டும் என்றது. ஆக, ஆர்-க்கும் டி-க்கும் இடையே என் நிற்பது அழகுக்காக அன்று, சட்டத்தால். ஆனால் இந்தச் சட்டம் எழுத்துகளை வரிசைப்படுத்தியதோடு நின்றுவிட்டது. அவற்றைத் தொடுகிற கையையும் காலையும் வரிசைப்படுத்தவில்லை. அந்தக் குறையைத்தான் இங்கே நிரப்பப் பார்க்கிறோம்.

பி என்பது என்ன? பெரும்பாலோர் அதை ஒருவகை பிரேக் என்று நினைக்கிறார்கள். அன்று. கியர்பெட்டிக்குள், சக்கரங்களுக்குச் சக்தியை அனுப்பும் தண்டோடு சேர்ந்து ஒரு பற்சக்கரம் சுழல்கிறது. பி-க்குத் தள்ளும்போது விரல் பருமனுள்ள ஓர் இரும்புக் கொக்கி அதன் இரண்டு பற்களுக்கு நடுவே போய் விழுகிறது. பி-யின் மொத்த அதிகாரமும் அந்தக் கொக்கிதான். கொக்கி விழும் கணத்தில் அதற்கு நேராகப் பள்ளத்துக்குப் பதில் பல் வந்து நின்றால், பல் சற்று நகர்ந்து இடம் கொடுக்கும் வரை அது காத்திருக்கும். முன்பு சொன்ன ஒரு சாண் உருளலுக்கும் டக் ஒலிக்கும் இதுவே காரணம். ஹேண்ட் பிரேக்கோ சக்கரத்தையே, பெரும்பாலும் பின் சக்கரங்கள் இரண்டையும், நேராகப் பிடிக்கிறது. கொக்கி பிடிப்பது கியர்பெட்டியை. முன் சக்கரங்களால் ஓடும் காரில் அதன் பிடி டிஃபரன்ஷியல் வழியாகத்தான் சக்கரத்தை அடைகிறது. இதன் பலவீனத்தைப் பஞ்சர் ஆன நாளில் காணலாம். முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால், தூக்கிய சக்கரம் காற்றில் ஒரு பக்கம் சுழல, தரையில் இருக்கும் மற்றது எதிர்ப்பக்கம் உருளலாம். பி பூட்டியபடியே இருக்கும், கார் மட்டும் ஜாக்கியை விட்டு இறங்கிப் போகும். ஸ்டெப்னி மாற்றுபவர் ஹேண்ட் பிரேக் போட்டாரா என்பதே அங்கே கேள்வி.

ஆகவே முறை இது: கார் முழுதாக நின்ற பிறகு, கால் பிரேக்கை அழுத்தியபடியே என்-னுக்கு வருக, ஹேண்ட் பிரேக்கை இழுக்க, காலை மெல்லத் தளர்த்தி வண்டியின் பாரம் முழுவதும் ஹேண்ட் பிரேக்கில் வந்து உட்காரவிடுக, மறுபடி காலை அழுத்திப் பி-க்குச் செல்க, எஞ்சினை அணைக்க. மறுபடி அழுத்துவது கூறியது கூறலாகாதோ எனின், ஆகாது. என்-னிலிருந்து பி-க்குப் போகும் வழியில் ஆர் குறுக்கே நிற்கிறது. கால் இல்லாமல் அதைக் கடந்தால் வண்டி பின்னே ஓர் இழுப்பு இழுத்துப் பார்க்கும். இந்த முறையில் கொக்கி எந்தப் பாரத்தையும் சுமக்காமல், காவலுக்கு மட்டும் நிற்கிறது. மாறாகப் பாரம் கொக்கியின் மேல் ஏறிவிட்டால், மறுநாள் காலை ராடு இறுகிப் பி-யை விட்டு வர மறுக்கும். வலிந்து இழுத்தால் அந்த டக் இன்னும் பெரிதாகக் கேட்கும்.

இனி மறுப்புகள். இவற்றுள் வலியது முதலில். கால் பிரேக்கை விடாதவரை பி முன்னா, ஹேண்ட் பிரேக் முன்னா என்பதில் என்ன வேறுபாடு? இரண்டும் போட்ட பிறகே கால் எடுபடுமானால் கொக்கிக்கு ஏது சுமை? இந்த வாதம் தர்க்கப்படி சரி; நேர்மையான ஆய்வாளன் இதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் ஓட்டுகிறவர் மனிதர். பி-க்கு வந்துவிட்டோம் என்றதும் மனம் இறங்கி வீட்டுக்குள் போய்விடுகிறது. கால் அதன் பின்னாலேயே போகிறது. வரிசை என்பது எந்திரத்துக்காக அன்று, மறதிக்காக வகுக்கப்பட்டது. கடைசியில் வருவதை மறப்பவர்கள் குறைவு, ஏனெனில் பல கார்களில் பி-க்கு வராமல் சாவியே வெளியே வராது. ஹேண்ட் பிரேக்குக்கு அப்படியொரு காவலாளி கிடையாது. காவலாளி உள்ளதைக் கடைசியில் வைப்பதும், இல்லாததை முன்னே வைப்பதும் ஆட்சிக்கலை அறிந்தவர் செயல்.

சான்றிலும் ஒரு பாடபேதம் உண்டு. அதை மறைப்பது அறமன்று. 1980-இல், ஃபோர்டு கார்கள் பி-யிலிருந்து தாமாகவே ஆர்-க்கு நழுவுகின்றன என்ற குற்றச்சாட்டு அமெரிக்க அரசுக்கும் அந்நிறுவனத்துக்கும் இடையே ஓர் உடன்பாட்டில் முடிந்தது. கார்களைத் திரும்பப் பெறுவதற்குப் பதிலாகச் சுமார் 2.3 கோடி வண்டிகளின் உரிமையாளர்களுக்கு ஒட்டுவதற்கென ஓர் எச்சரிக்கைத் தாள் அனுப்பினார்கள். ராடு பி-யில் விழுந்ததா என்று பார், ஹேண்ட் பிரேக்கை முழுதாகப் போடு, எஞ்சினை அணை என்பது அதன் சாரம். பி அங்கே முன்னே நிற்கிறதே என்று எதிர்க்கட்சியார் துள்ளலாம். இறங்குமுன் எவையெவை முடிந்திருக்க வேண்டும் என்ற தொகையே அந்தத் தாள், வகை அன்று. அதில் நமக்கு வேண்டியது வேறொன்று: பி-யைச் செய்தவர்களே பி ஒன்றே போதும் என்று எழுதத் துணியவில்லை.

சமதளத்தில் இதெல்லாம் எதற்கு என்பார் இருக்கிறார்கள். சென்னையில் சமதளம் என்று நம்பி நிறுத்திய இடங்களில் பாதி, மழைநீர் வடிவதற்காகச் சாய்த்துக் கட்டியவை; இதற்குமேல் பேச வேண்டியதில்லை. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஹேண்ட் பிரேக் போட்டு வைத்தால் பின் சக்கரத்தில் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் என்பது அதைவிடப் பொருட்படுத்தத்தக்க மறுப்பு. உண்மைதான். ஊருக்குப் போகிறவர், உண்மையான சமதளத்தில், பி-யோடு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்திச் செல்லலாம். இது புறனடை, விதியை இது அழிக்காது. பொத்தான் வடிவில் வந்துள்ள மின் ஹேண்ட் பிரேக் தானே விழுந்துவிடும், ஆகவே இந்த ஆராய்ச்சி காலாவதியாகிவிட்டது என்பார் சிலர். சில கார்களில் அது பி-க்கு வந்து எஞ்சினை அணைத்த பிறகே விழுகிறது. அதாவது எந்திரமும் நம் மக்களின் பழைய பிழையையே கற்றிருக்கிறது. பின்னாலிருந்து அந்த மோட்டாரின் முனகல் கேட்டு ஓயும்வரை காலை எடுக்காமல் இருப்பதே பரிகாரம்.

இவை எல்லாவற்றையும்விட வலுவான எதிர்ப்பு நூல்களிலிருந்து வரவில்லை, வாட்ச்மேனிடமிருந்து வருகிறது. “சார், நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க” என்பது நம் அடுக்குமாடிகளின் ஸ்டில்ட் பார்க்கிங்கிலும் கல்யாண மண்டப வாசலிலும் எழுதாச் சட்டம். பத்து கார் நிற்கும் இடத்தில் பதினெட்டு நிற்க வேண்டுமானால், குறுக்கே நிற்கும் காரை இரண்டு பேர் தள்ளி நகர்த்த முடிந்தாக வேண்டும். கிளட்ச் கார்களின் காலத்தில், நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை விட்டுச் செல்வது அயலாருக்குச் செய்யும் மரியாதை. ஆட்டோமேட்டிக் கார் இந்த ஒப்பந்தத்தை உடைக்கிறது. பி-யில் பூட்டிய காரை எத்தனை தோள் சேர்ந்தாலும் தள்ள முடியாது. பொத்தானால் இயங்கும் பல கார்களில் என்-னில் வைத்து அணைத்தால் மின்சாரம் முழுதாக அணையாது. பூட்டவும் மறுக்கும், பேட்டரியும் இறங்கும். எனவே முகூர்த்தம் நடக்கும்போதே மைக்கில் கார் எண்ணை வாசித்து, உரிமையாளர் உடனே வரவும் என்று அழைக்கிறார்கள். தாலி கட்டும் நேரத்தில் எழுந்து ஓடுகிறவர் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இதற்கு வழியே இல்லையா எனின், உண்டு. பல கார்களில் கியர் ராடின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு மூடி இருக்கும். அதை நெம்பி, உள்ளே சாவியால் அழுத்தி, பிரேக்கை மிதித்தபடி ராடை என்-னுக்கு இழுத்தால் எஞ்சின் ஓடாமலேயே கார் விடுபடும். கையேட்டில் இது பழுதான வண்டியை இழுத்துச் செல்வதற்கான வழியாகச் சொல்லப்பட்டிருக்கும். கல்யாண மண்டபத்துக்கும் பொருந்துமா? பொருந்தும், ஆனால் தரை சமமாக இருந்தால் மட்டும். சாய்தளத்தில், பி-யும் ஹேண்ட் பிரேக்கும் இல்லாமல், யார் தோளை நம்பி ஒன்றேகால் டன் இரும்பை விட்டுச் செல்வது? வாட்ச்மேனின் நியாயம் இடப்பற்றாக்குறையின் நியாயம். நம் நியாயம் புவியீர்ப்பின் நியாயம். இரண்டும் மோதும்போது, ஓட்டுநர் மண்டபத்தின் பின்வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் உட்காருவதே இதுவரை கண்ட சமரசம். பந்திக்கும் அதுதான் கிட்டத்தில்.

பி-யே இல்லாத ஆட்டோமேட்டிக்கும் நம்மிடையே உண்டு. 2014-இல் மாருதி செலேரியோ கொண்டுவந்து பரவலாக்கிய ஏஎம்டி வகையில் உள்ளிருப்பது வழக்கமான கிளட்ச்சும் கியரும்தான். அவற்றை ஓர் எந்திரக் கை இயக்குகிறது. ஆகவே கொக்கி இல்லை, பி-யும் இல்லை. நம் கொள்கை இவற்றிடம் பொய்க்குமோ என்ற ஐயம் வேண்டாம். கடைசியில் வர வேண்டியது வராமலே போனாலும், முன்னே வர வேண்டிய ஹேண்ட் பிரேக் அங்கே தனியாட்சி செய்கிறது. இவ்விரு வகைக் கார்களிலும் கிளட்ச் மிதி மட்டும் இல்லை. பழக்கத்தில் அதைத் தேடும் இடது கால் அகலமான பிரேக் மிதியைக் கண்டெடுத்து, பின்னால் வருபவரைத் திடுக்கிட வைக்கிறது. இடது காலுக்கு ஓய்வூதியம் கொடுத்து ஓரமாக உட்காரவைப்பதே முறை. டி-யில் இருக்கும் ஆட்டோமேட்டிக், ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே ஊர்ந்து போகும் என்பதையும் மறக்கலாகாது. மால் வாசலில் சீட்டு இயந்திரம் எட்டாமல், கதவைத் திறந்து உடம்பை வெளியே நீட்டுகிறவர் வலது காலையும் கொஞ்சம் தூக்கிவிடுவார். கார் அவரை விட்டுவிட்டு மாலுக்குள் போகப் பார்க்கும். சீட்டு எட்டவில்லையானால் முதலில் பி. இங்கே மட்டும் பி முன்னே வரலாம், ஏனெனில் இது நிறுத்தம் அன்று, தாமதம்.

புறப்படும்போது வரிசை தலைகீழாகும். பிரேக்கை மிதித்து எஞ்சினை இயக்கி, முதலில் பி-யிலிருந்து டி-க்கோ ஆர்-க்கோ வர வேண்டும், பிறகே ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். மாற்றிச் செய்தால், அதுவரை காத்த பாரம் கடைசி நொடியில் கொக்கியின் மேல் ஏறிவிடும். மலைச்சாலையில் இவற்றோடு முன் சக்கரத்தின் திசையும் சேரும். இடப்பக்கம் ஓரம் கட்டி, இறக்கம் நோக்கி நின்றால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். ஏற்றம் நோக்கி நின்று, ஓரத்தில் கல்கட்டு இருந்தால் வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். பின்னே உருண்டால் டயர் கட்டில் மோதி நிற்கும். கட்டு இல்லையேல் அப்போதும் இடப்பக்கம். சான் பிரான்சிஸ்கோவில் 3 சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவில் இப்படிச் சக்கரத்தை ஒடிக்காமல் நிறுத்துவதே குற்றம். ஊட்டியிலும் ஏற்காட்டிலும் இவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை. சக்கரத்துக்குக் கீழே ஒரு கல்லை வைத்துவிடுகிறார்கள்.

இந்தக் கல்லை நம் வரிசையில் எங்கே வைப்பது? இறங்கிய பிறகே வைக்க முடியும் என்பதால் பி-க்கும் பின்னே வருகிறது. ஆகவே பி கடைசியில் என்ற கொள்கை காருக்கு உள்ளே நடப்பவற்றுக்கு மட்டுமே பொருந்தும் என்று திருத்திக்கொள்க. புறப்படும்போது கூட வந்தவர் இறங்கி அதை எடுக்க வேண்டும், அதுவரை ஓட்டுநரின் கால் பிரேக்கை விட்டு அசையலாகாது. தனியாக வந்தவர் என்ன செய்வார்? பெரும்பாலோர் கல்லை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள், அடுத்து வரும் இருசக்கர வண்டிக்காரர் அதைக் கண்டுகொள்கிறார். முறைப்படி, கல்லை விட்டுச் சற்று முன்னே போய், நிறுத்தி, என், ஹேண்ட் பிரேக், பி என்று எல்லாவற்றையும் மறுபடி செய்து, இறங்கி வந்து கல்லை ஓரத்தில் போட வேண்டும். அப்போது கார் நிற்பதும் அதே சரிவில்தான் என்பதால், அதற்கு இன்னொரு கல் வேண்டுமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.