இந்த ஒரு வாய் மட்டும்

கடலூர் மாவட்டத்தில் பிள்ளைக்குக் கீரை ஊட்ட நினைப்பவருக்குப் பூகோளமே எதிரி. மஞ்சக்குப்பத்திலிருந்து மேற்கே பண்ருட்டி பஸ் ஏறினால் வழியில் நெல்லிக்குப்பம். பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை இருக்கும் ஊர். கரும்பு அரைக்கிற மாதங்களில் பஸ் ஜன்னலைத் திறந்தாலே மூக்கில் பாகு ஏறும். போதாததற்கு அதே ஊரில் மிட்டாய் ஆலையும் உண்டு. பாரீஸ் மிட்டாயாக இருந்து 2004-இல் கொரியாக்காரர்களின் லாட்டே கைக்குப் போனது. அதைத் தாண்டினால் பண்ருட்டி: பலாச்சுளை, முந்திரி. கிழக்கே போனால் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் பஞ்சுமிட்டாய். வடக்கே போனால் புதுச்சேரி, தெருவுக்குத் தெரு பேக்கரி. மிச்சமிருப்பது தெற்கு. அங்கே சிதம்பரம். சிதம்பரத்தில் என் மாமியார் வீடு.

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். சின்னவன் ஒன்றாம் வகுப்பு. அவனுடைய சட்டப் புத்தகத்தில் ஒரே பிரிவுதான்: பச்சையாக இருப்பது சாப்பாடு இல்லை, அது மாட்டுக்கு. பெரியவள் நான்காம் வகுப்பு. அவளுக்கு நிறபேதம் கிடையாது. எல்லாக் காய்க்கும் சமமாக அநீதி செய்வாள். சாம்பார் சாதத்தில் கறிவேப்பிலை, கொத்தமல்லி, தக்காளித் தோல், வெந்து கரைந்துபோன வெங்காயத்தின் நிழல் எல்லாவற்றையும் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக ஒட்டிவிட்டுத்தான் முதல் கவளத்தை எடுப்பாள். அதற்குள் சாதம் ஆறி, "அப்பா, சாதம் சில்லுனு இருக்கு" என்று புதிய வழக்கு ஒன்றைத் தொடுப்பாள்.

சின்னவனுக்குச் சாப்பாடு ஊட்டுவது ஓர் அரசு விழா. தட்டோடு என் மனைவி. தண்ணீர்ச் சொம்போடு என் அம்மா, அதாவது பிள்ளைகளின் கடலூர் ஆயா. விசில் அடித்துக் காட்ட நான். வாசலில் நாய், மதிலில் காக்கா. எதிர்வீட்டு அக்கா அவர்கள் வாசலில் நின்றபடியே, "இன்னாடா, அம்மாவ இப்படிப் பாடாப் படுத்துற?" என்று தலைமையுரை ஆற்றுவார். முன்பெல்லாம் இந்த விழாவுக்கு நிலா வரும். அந்த வேலையை இப்போது செல்போன் பார்க்கிறது. பயமுறுத்தும் இலாகாவிலும் ஆள் மாற்றம்: பூச்சாண்டி ஓய்வு பெற்றுவிட்டார், ஊசி போடும் டாக்டரும் போலீஸும் கூடுதல் பொறுப்பு வகிக்கிறார்கள். ஒரு கவளம் முருங்கைக்கீரை உள்ளே போக ஓர் அரசாங்க இயந்திரமே சுழல்கிறது. எல்லாவற்றுக்கும் நடுவில் தேசிய கீதம்போல ஒலிப்பது, "கண்ணு, இந்த ஒரு வாய் மட்டும்." அந்த ஒரு வாய்க்குப் பின்னால் இன்னும் எத்தனை ஒரு வாய் வரிசையில் நிற்கின்றன என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் முதல் வாயையே கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வருகிறான்.

ஒளித்துக் கொடுக்கும் வித்தையும் நடந்தது. பீட்ரூட்டைச் சப்பாத்தி மாவில் பிசைவது, கேரட்டை இட்லி மாவில் துருவுவது, கீரையைத் தோசைக்குள் புதைப்பது. பெரியவள் துறைமுகத்துச் சுங்க அதிகாரி மாதிரி தோசையை விளக்கொளியில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இதுல என்னமோ இருக்கு" என்பாள். ஒருமுறை பிடிபட்டால் அப்புறம் வெறும் தோசைக்கும் சோதனைதான். இந்த வித்தையை நான் மதிப்பதில்லை. கீரை நல்லது என்று வாயால் சொல்லிவிட்டு, கையால் அதைக் கடத்தல் சரக்கு ஆக்கினால் பிள்ளை எதை நம்பும்?

எங்கள் தெருவில் பல வீடுகளில் பாலில் கலக்கும் மாவுதான் கடைசிப் புகலிடம். காய் சாப்பிடாவிட்டால் என்ன, ஒரு தம்ளரில் எல்லாச் சத்தும் இருக்கிறது என்று டப்பா சொல்கிறது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணையக் கடைகளைக் கூப்பிட்டு, இந்த வகைப் பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பிலிருந்து எடுக்கச் சொன்னது. நம் உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லையாம். என் அம்மாவிடம் சொன்னேன். "டப்பா மேல ஓடுற பையன் படம் போட்டிருக்கே" என்றார். அமைச்சகம் அந்தப் பையனையும் கவனித்திருக்கலாம்.

இந்தச் சமயத்தில்தான் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரைப் பற்றிப் படித்தேன். 1920-களில் அவர் ஒரு சோதனை செய்தார். தாய்ப்பால் மறந்த குழந்தைகள் முன்னால் விதவிதமான உணவைக் கிண்ணம் கிண்ணமாக வைத்துவிடுவது. எதை, எவ்வளவு தின்பது என்பது குழந்தையின் இஷ்டம். பட்டியலில் மொத்தம் 34 உணவுகள். ஈரல், மீன், முட்டை, பால், கேரட், பீட்ரூட், கீரை, பழங்கள் எல்லாம் உண்டு. சோதனையில் இருந்த 15 குழந்தைகளும் ஒன்றைப்போல் இன்னொன்று தின்னவில்லை. ஆனால் எல்லாமே நன்றாக வளர்ந்தன. எலும்பு வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோயோடு வந்த ஒரு குழந்தைக்கு மீனெண்ணெயும் தனிக் கிண்ணத்தில் வைத்தார்கள். குணமாகும்வரை அது தானாகவே எடுத்துக் குடித்ததாம். மீனெண்ணெயை! எங்கள் வீட்டில் மீனெண்ணெய் மாத்திரை என்ற பேச்சுக்கே சின்னவன் கட்டிலுக்கடியில் போய்விடுவான்.

சூட்சுமம் எதில் என்று டேவிஸ் அம்மையாரே சொல்லிவிட்டார். அந்தக் கிண்ணங்களில் சர்க்கரை இல்லை, பாக்கெட் சரக்கு இல்லை. எதைத் தொட்டாலும் நல்லதுதான். இன்னொரு சூட்சுமம், என் கண்ணில் அதுவே பெரிது: பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்சுக்குப் போட்ட உத்தரவு. குழந்தை கையை நீட்டினால் மட்டும் ஒரு கரண்டி கொடு. எடுத்துக் கொடுக்காதே, வற்புறுத்தாதே, பாராட்டாதே, தின்றதைப் பற்றி வாயே திறக்காதே.

இதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் எழுப்பினாள்: "ஏங்க, பேசாம உக்காந்திருக்க அந்த நர்சுக்கு மாசம் எவ்ளோ குடுத்தாங்களாம்?"

நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் ஒரு குழந்தை சாப்பிடும்போது பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பதற்கு எந்தச் சம்பளமும் கட்டுப்படியாகாது.

ஆனால் அந்தச் சோதனை நம் ஊரிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது என்பதைச் சின்னவனின் பள்ளிக்கூடம் காட்டியது. அரசுப் பள்ளி. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் 1,545 பள்ளிகளுக்கென்று தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அடுத்த ஆகஸ்டில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய் போட்ட சாம்பார். வீட்டில் உப்புமாக் கிண்டும் வாசனை வந்தாலே வயிற்றுவலி வந்துவிடும் எங்கள் பையன், அங்கே ரவா உப்புமாவை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இரண்டாம் முறை தட்டை நீட்டுகிறான் என்று அவன் டீச்சர் சொன்னபோது, வேறு யாரோ பிள்ளையைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றே நினைத்தோம். அவனையே கேட்டோம். "அங்க எல்லாரும் சாப்புடுறாங்க. யாரும் என்னையே பாத்துக்கிட்டு இல்ல" என்றான். என் மனைவி முகம் சுருங்கிப் போனது. அவள் உப்புமாவில் முந்திரி போடுகிறவள்; பண்ருட்டி முந்திரி.

வடலூரிலும் இதே கதை. வள்ளலார் 1867-இல் சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவருக்கு உங்கள் பிள்ளையின் சட்டப் புத்தகம் தெரியாது. வைப்பார், அடுத்த இலைக்குப் போய்விடுவார். பெரியவள் விளிம்பில் ஒட்டுவதற்குக் கறிவேப்பிலையை எடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவதைப் பார்த்தாள். அதையும் சேர்த்து விழுங்கிவிட்டாள். கரிசலாங்கண்ணி, தூதுவளை, பொன்னாங்கண்ணி என்று கீரைகளின் பெருமையை அவ்வளவு எழுதிய வள்ளலாருக்கு எங்கள் வீட்டிலிருந்து அந்த ஒரு கறிவேப்பிலையாவது காணிக்கையாகப் போனது.

இனி தெற்குத் திசை. சிதம்பரத்தில் என் மாமியார் கிளாரா டேவிஸைப் படித்ததில்லை. அவருடைய முறையில் முதல் படி, பார்வையாளர்களை அப்புறப்படுத்துவது. "மாப்ள, நீங்க திண்ணைக்கு வாங்க. அதுங்க சாப்புடட்டும்." அடுத்தது மகளுக்கு: "நீ போய்த் துணி மடி." இரண்டு தட்டு வைப்பார், பரிமாறுவார், கொல்லைக்குப் போய் மொச்சை உரிக்க உட்கார்ந்துவிடுவார். முறுக்கு டின் அலமாரிக்குள், சாவி இடுப்பில். காலை பத்து மணியிலிருந்து அந்த வீட்டில் தின்பண்டம் என்ற பேச்சே கிடையாது. ஒரு மணிக்கு என் பிள்ளைகளுக்கு எடுக்கும் பசியைக் கடலூரில் நான் கண்டதே இல்லை.

அங்கே கத்திரிக்காய் கொத்சு அடிக்கடி உண்டு. சிதம்பரத்துக்காரர்களிடம் அதைச் சட்னிக்கும் குழம்புக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள், மனஸ்தாபம் வரும். பிஞ்சுக் கத்திரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, புளிக்கரைசலில் வேகவிட்டு மசித்து, வறுத்த தனியாவும் கடலைப்பருப்பும் மிளகாயும் பொடித்துப் போட்டு, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை அடுப்பிலேயே விடவேண்டும். நடராசருக்குச் சம்பா சாதத்தோடு படைப்பது இதைத்தான். சம்பா சாதம் என்றால் மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டுப் பிசைந்த சாதம், அவ்வளவே. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எழுதப்போனால் கட்டுரை இங்கேயே நின்றுவிடும். என் பெரியவளுக்குக் கொத்சில் பொறுக்கி எடுக்கவே ஒன்றும் கிடைக்காது. காய் முழுக்க மசிந்து குழம்போடு கரைந்திருக்கும். ஆனால் அதில் கத்திரிக்காய் இருக்கிறது என்பதைச் சிதம்பரம் ஆயா மறைத்ததும் இல்லை. "என்ன ஆயா இது?" "கத்திரிக்கா." அவ்வளவுதான் உரையாடல். சத்து, கண்ணுக்கு நல்லது, மூளைக்கு நல்லது, டாக்டர் சொன்னார் என்ற விளம்பரம் எதுவும் இல்லை. வேண்டாம் என்றால், "சரி, வச்சிடு." அதற்குப் பதிலாக வேறொன்று வராது. அடுத்த தடவையும் கொத்சு வரும்.

புது உணவைப் பார்த்தால் மிரள்வது இரண்டு வயது முதல் ஆறு வயதுவரை உச்சத்தில் இருக்கும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். ஒரு காயைச் சின்னச் சின்னதாக 8 முதல் 15 தடவைகூட ருசிக்கக் கொடுத்தால்தான் பிள்ளையின் நாக்கு அதோடு பழகும். பெற்றோர் பெரும்பாலும் மூன்றாம் தடவையிலேயே, "இவனுக்கு இது பிடிக்காது" என்று தீர்ப்பெழுதி, கேட்கிறவர்களிடமெல்லாம் வாசித்தும் காட்டிவிடுகிறார்கள். பிள்ளையும் அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. மாமியாரிடம் இந்த எண்ணிக்கையைச் சொன்னேன். "யார் எண்ணிக்கிட்டிருக்கிறது?" என்றார்.

கசப்பு மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. புவனகிரிப் பக்கம் விளையும் மிதிபாகல், குட்டிக் குட்டியாக இருப்பது, தை பிறக்கும்போது சந்தைக்கு வந்துவிடும். அதை வெல்லம் போட்டுச் செய்து தட்டின் ஓரத்தில் ஒன்று வைப்பார் ஆயா. இரண்டு பிள்ளைகளும் அதை மரியாதையோடு சுற்றிப்போகிறார்கள். விஷச் செடிகளில் பல கசக்கும், அதனால் கசப்பைக் கண்டு குழந்தை ஒதுங்குவது இயற்கை தந்த காவல் என்று விஞ்ஞானத்தில் இடமிருக்கிறது. நானும் அந்த விஞ்ஞானத்தின் பக்கம்தான்.

போன மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போயிருந்தோம். அன்றைக்குக் களியும் ஏழுகறிக் குழம்பும். பரங்கி, பூசணி, அவரை, மொச்சை, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி. ஒரு காயைத் தின்னவே ஒரு மணி நேரம் எடுக்கும் என் மகள், களிக்குத் தொட்டுக்கொள்ள வேறு எதுவும் இல்லாததால், ஏழையும் ஒரே இலையில் முடித்தாள். அவளைத் திண்ணையிலிருந்து எட்டிப் பார்க்கப்போன என்னை மாமியார் ஒரே பார்வையில் உட்கார வைத்தார். அன்று பிள்ளைகளுக்குச் சேந்தனார் கதையும் சொன்னார். விறகு வெட்டிப் பிழைத்தவர். தினம் ஓர் அடியாருக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார். மழையில் விறகு நனைந்து விற்காமல் போன நாளில் வீட்டிலிருந்த மாவைக் களியாகக் கிண்டிக் காத்திருந்தார். நடராசரே அடியார் வேஷத்தில் வந்து சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம். மறுநாள் சந்நிதியைத் திறந்தால் உள்ளே களி சிதறிக் கிடந்தது. "பாத்தியா, சாமியும் சிந்திச் சிந்தித்தான் சாப்புடுது" என்றான் சின்னவன்.

கதை நடக்கும்போதே திண்ணையில் மாமா இரண்டாம் கிண்ணம் களியை முடித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி, வயது 74. காலையில் கோதுமைக் கஞ்சி, மதியம் காய் நிறைய, சாதம் கொஞ்சம் என்பது டாக்டர் உத்தரவு. இத்தனை நேரம் பிள்ளைகளின் இலைப் பக்கம் திரும்பியே பார்க்காத மாமியார், ஏழுகறிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிட்டார். வெல்லம் கூடாது என்று டாக்டர் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரருக்குக் காலில் புண் ஆறாமல் போனது, போன மாத டெஸ்ட் ரிசல்ட், எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தார். மாமா கன்னத்தில் களியை ஒதுக்கிக்கொண்டு தெருவைப் பார்த்தார். "இந்தக் காய்ல ஒரு வாய், ஒரே வாய்" என்று மாமியார் கரண்டியை நீட்டினார்.

மாமா நிதானமாக விழுங்கிவிட்டுக் கேட்டார்: "சேந்தனார் குடுத்தப்ப நடராசர் என்ன, டெஸ்ட் எடுத்துட்டு வந்தா சாப்ட்டாரு?"